பெட்டியைப் பிரிக்குமுன்

மருதமுனையிலிருந்து ஓர் அன்பர் எழுதிய கடிதம் சில மாதங்களுக்கு முன் என் கைக்குக் கிட்டியது. அவர் நெசவுத் தொழில் செய்பவர். தாம் நெய்த சாரங்களையும் அயலவர் நெய்தவற்றையும் பொதியாகக் கட்டி, பழைய ஹொண்டா 90 மோட்டார் சைக்கிளின் பின்னே ஏற்றி, அக்கரைப்பற்று வரையிலுள்ள கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து வருபவர். அவர் எழுதியதன் சாரம் இது:

"வண்டிக்குக் கியர் சரியாக விழுவதில்லை. முதலாம் கியர் போடும்போது வண்டி துள்ளிப் பாய்கிறது. இரண்டாம் கியர் சில வேளைகளில் தானாகவே கழன்றுவிடுகிறது. கராஜ் ஒன்றிற் காட்டினேன். கியர்ப் பெட்டி முழுவதும் போய்விட்டது, எஞ்சினை இறக்கிப் பிரிக்க வேண்டும் என்கிறார்கள். அவர்கள் கேட்கும் தொகை என் ஒரு மாத உழைப்புக்கும் மேல். நோன்புப் பெருநாள் வியாபாரமோ நெருங்குகிறது. பிரிப்பதா, விற்பதா, அன்றி வேறு வழி உண்டா?"

கடிதத்தின் அடியில் இன்னும் ஒரு வரி இருந்தது. "இது என் மூத்த காக்காவின் வண்டி. 2004ஆம் ஆண்டுக் கடலலையில் அவர் போய்விட்டார். வண்டி மட்டும் மணலுக்குள் இருந்து கிடைத்தது."

தையல் இயந்திரத்துக்கும் நீர்ப்பம்பிக்கும் சுவர்க் கடிகாரத்துக்கும் வைத்தியம் சொல்லிவந்த இப்பகுதியில், இம்முறை மோட்டார் சைக்கிளின் கியரை எடுத்துக்கொள்வதற்கு அந்தக் கடைசி வரியே காரணம். மற்றொரு காரணமும் உண்டு. 2020ஆம் ஆண்டு மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025ஆம் ஆண்டில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் வண்டிகளின் விலை ஏறிய ஏற்றம் யாவரும் அறிந்ததே. 2022ஆம் ஆண்டில் பெற்றோலுக்கு வரிசையில் நின்றபோது, குறைந்த எண்ணெயில் நெடுந்தூரம் ஓடும் பழைய ஹொண்டாக்களின் அருமை பலருக்கு விளங்கிற்று. கோழிக்கூட்டுக்குப் பின்னே கிடந்த வண்டிகளும் கழுவித் துடைக்கப்பட்டு வீதிக்கு வந்தன. அவ்வாறு வந்தவற்றுள் கியர்க் கோளாறு இல்லாதது அரிது.

முதலில் இவ்வண்டியின் வரலாற்றைச் சிறிது அறிந்துகொள்வது நல்லது. ஏனெனில் அதன் கியர் அமைப்பின் தனித்தன்மை அவ்வரலாற்றிலிருந்தே பிறந்தது. யப்பானில் சொய்ச்சிரோ ஹொண்டா என்னும் பொறியியல் வல்லுநரும், அவருடைய பங்காளியான தக்கேயோ புஜிசாவா என்னும் வணிக வல்லுநரும் சேர்ந்து 1958ஆம் ஆண்டில் 'சூப்பர் கப்' என்ற சிறு வண்டியை வெளியிட்டனர். உணவுக் கடைப் பையன் ஒரு கையில் உணவுத் தட்டை ஏந்தியபடி மறு கையால் ஓட்டத்தக்கதாக வண்டி இருக்க வேண்டும் என்பது அவர்கள் வகுத்த இலக்கு. ஒரு கையால் ஓட்டுவதென்றால் இடக்கையிற் கிளச் பிடி இருத்தல் கூடாது. ஆகவே அப்பிடியை எடுத்துவிட்டு, அதன் வேலையைக் காலிடம் ஒப்படைத்தனர். பின்னர் வந்த 50, 70, 90 ஆகிய வகைகள் யாவும் அக்குடும்பத்துப் பிள்ளைகளே. 2017ஆம் ஆண்டில் அக்குடும்பத்தின் தொகை உலகெங்கும் 10 கோடியை எட்டியது. வேறெந்த மோட்டார் வாகனத்துக்கும் இப்பேறு வாய்த்ததில்லை.

என் தந்தையாரிடமும் ஒன்று இருந்தது. அவரும் ஆசிரியரே. காரைதீவுக் கண்ணகையம்மன் கோயிற் சடங்குக்கும், நிந்தவூரிலும் சாய்ந்தமருதிலும் இருந்த அவருடைய நண்பர்களின் வீட்டுத் திருமணங்களுக்கும் என்னை முன்னே நிறுத்திக்கொண்டு அதிலேதான் செல்வார். அவர் மறைந்தபின் ஈராண்டு அது கொட்டிலில் நின்றது. அதை நான் மீண்டும் எடுத்தபோது நேர்ந்த கதையைப் பின்னர் சொல்கிறேன். முன்னதாகப் பெட்டிக்குள் என்ன நிகழ்கிறது என்பதைப் பார்ப்போம்.

கியர் மாற்றும்போது பற்சக்கரங்கள் ஒன்றை விட்டு விலகி மற்றொன்றோடு போய்ப் பொருந்துகின்றன என்றே பலரும் எண்ணுகின்றனர். அஃது அவ்வாறன்று. ஹொண்டா 90 வண்டியில் மூன்று கியர்களுக்கு மூன்று சோடிச் சக்கரங்கள் உள. அவை எந்நேரமும் ஒன்றையொன்று கவ்வியபடியே சுழல்கின்றன. ஆயின் ஒவ்வொரு சோடியிலும் ஒரு சக்கரம் தன் தண்டோடு பிணைக்கப்படாமல் வெறுமனே சுழலும். அதைத் தண்டோடு பிணைப்பதே கியர் போடுதல். சக்கரத்தின் பக்கவாட்டில் தடித்த பற்கள் சில துருத்தி நிற்கும். அயற்சக்கரம் தண்டின் வழியே வழுக்கி வந்து இப்பற்களோடு கொளுவிக்கொள்ளும். இவற்றைக் கொளுவிப் பற்கள் என்போம். சக்கரத்தை வழுக்கச் செய்வது ஓர் இரும்புக் கவை. கவையை நகர்த்துவது, பள்ளம் வெட்டிய ஓர் உருளை. உருளையைத் திருப்புவது உங்கள் பாதம்.

இனி, கிளச் எதற்கு? உங்கள் இரு கைகளின் விரல்களை வளைத்து ஒன்றோடொன்று கொளுவி இரு பக்கமும் பலமாக இழுத்துப் பாருங்கள். இழுத்துக்கொண்டிருக்கும்போது விரல்களைப் பக்கவாட்டில் வழுக்கிப் பிரிக்க முயன்றால் அவை பிரியா. இழுவையைத் தளர்த்தினால் தாமாகவே வழுக்கிப் பிரியும். கொளுவிப் பற்களும் அத்தன்மையனவே. எஞ்சினின் இழுவை அவற்றின்மேல் இருக்கும்வரை அவை இடம்பெயரமாட்டா. அவ்விழுவையைக் கணநேரம் அறுப்பதுதான் கிளச்சின் தொழில். ஆதலாற் கிளச் சரியாக விலகாத வண்டியிற் கியர்ப் பெட்டி புத்தம் புதிதாய் இருந்தாலும் கியர் கடினமாகவே விழும். குற்றம் ஓரிடத்தில், முறைப்பாடு வேறோரிடத்தில் என்பது இதுதான்.

ஹொண்டா 90இன் கிளச் இரண்டு வகையில் விலகும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது அது தானாகவே விலகி நிற்கும். வேகம் கூடும்போது சுழற்சியின் விசையால் தானாகவே பற்றிக்கொள்ளும். இது முதலாவது. கியர் மிதியை அழுத்தும்போது, அம்மிதியின் தண்டோடு இணைந்த ஒரு பொறி கிளச்சைத் தூக்கி விலக்கும். இது இரண்டாவது. மிதியின் முதற்பாதி அசைவு கிளச்சை விலக்குகிறது. பிற்பாதி உருளையைத் திருப்புகிறது. காலை எடுக்கும்போது கிளச் மீண்டும் பற்றுகிறது. இதனை அறியாதார் மிதியை ஒரே உதையில் உதைத்து உடனே காலை எடுக்கின்றனர். வேறு சிலர் ஓடும்போதெல்லாம் பாதத்தை மிதியின்மேலேயே வைத்திருக்கின்றனர். அப்பாதத்தின் பாரம் கிளச்சை அரைகுறையாய் விலக்கி வைப்பதால் தகடுகள் வழுக்கித் தேய்கின்றன. மிதியை அழுத்தி, எஞ்சின் வேகம் தணிந்தபின், மெல்லக் காலை எடுப்பதே முறை.

இப்போது என் கதைக்கு வருகிறேன். கொட்டிலிலிருந்து எடுத்த தந்தையாரின் வண்டி குளிர்ந்த வேளையில் அடிக்கடி நின்றுபோயிற்று. நான் விஞ்ஞானப் பட்டதாரி அன்றோ! காபரேற்றரில் உள்ள திருகு ஒன்றைத் திருப்பி, எஞ்சினின் ஓய்வு வேகத்தைக் கூட்டிவிட்டேன். வண்டி நிற்காமல் ஓடியது, எனக்கும் பெருமிதம். மறுநாள் தொடக்கம் முதலாம் கியர் போட்டால் 'டக்' என்ற ஓசையோடு வண்டி முன்னே பாயத் தொடங்கிற்று. சந்தியில் நிறுத்தினால் நில்லாமல் ஊர்ந்தது. பட்டறை ஒன்றில் எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்றார்கள். இரும்பு வியாபாரி ஒருவர் விலையும் பேசிவிட்டார்.

அச்சமயம் சாய்ந்தமருதில் வசிக்கும் ஒரு பெரியவரிடம் போனேன். அரை நூற்றாண்டாக மோட்டார் சைக்கிள்களோடு வாழ்ந்தவர். தந்தையாரின் வண்டியைப் பார்த்து வந்தவரும் அவரே. நான் அவரைக் காக்கா என்றே அழைப்பேன். அவர் வண்டியைத் தொடவில்லை. எஞ்சினை ஓடவிட்டுச் சிறிது நேரம் காது கொடுத்தார். பின்னர் ஸ்குரூ டிரைவரை எடுத்து, நான் திருப்பிய அதே திருகை அரைச் சுற்றுப் பின்னே திருப்பினார். கியரைப் போட்டார். துள்ளலும் இல்லை, ஓசையும் இல்லை.

"சேர், எஞ்சின் இவ்வளவு வேகத்தில ஓடினா கிளச் எப்பிடி விடும்? அது பிடிச்சபடிதான் நிக்கும்" என்றார். குளிரில் நின்றுபோனதற்குக் காரணம் காபரேற்றருக்குள் இருந்த ஈராண்டு அழுக்கு. அதைக் கழுவியதோடு எல்லாம் முடிந்தது. நான் வெட்கித் தலைகுனிந்து, கராஜில் பிரிக்கச் சொன்னதையும் கூறினேன். அவர் சிரித்தார். "கழட்டுறது லேசு, சேர். பழையபடி பூட்டுறதுதான் கரச்சல்."

அன்று அவர் எனக்குக் கற்பித்த முறையையே மருதமுனை அன்பருக்கும் எழுதினேன். வாசகர்களுக்கும் அதனை ஒழுங்காக இங்கே தருகிறேன். இதன் சாரம் ஒன்றே: வெளியிலிருந்து உள்ளே செல்க; செலவில்லாததிலிருந்து செலவுள்ளதற்குச் செல்க.

முதலாவது, மிதியைப் பார்க்க. கையாற் பிடித்து ஆட்டுக. மிதி தண்டின்மேல் இறுகப் பொருந்தியிருக்கிறதா? தண்டிலும் மிதியிலும் உள்ள நுண்ணிய வரிப்பற்கள் தேய்ந்திருந்தால் மிதி அசையும், தண்டு அசையாது. எப்போதோ விழுந்தெழும்பிய வண்டியில் மிதி வளைந்து எஞ்சின் மூடியிலோ காற்கட்டையிலோ முட்டும். அதனால் அசைவு முழுமை பெறாது. நம் கரையோரத்தில் உப்புக் காற்றும் மணலும் சேர்ந்து மிதித்தண்டு வெளிவரும் இடத்தைத் துருப்பிடிக்கச் செய்வதும் உண்டு. அழுத்திய மிதி தானாகவே மீளவில்லையெனின் ஒன்று துரு. அன்றேல் உள்ளே மீள்சுருள் ஒடிந்துள்ளது.

இரண்டாவது, ஒயிலைப் பார்க்க. இவ்வண்டியில் எஞ்சினுக்கும் கிளச்சுக்கும் கியர்ப் பெட்டிக்கும் ஒரே ஒயில்தான். அதுவும் ஒரு லீற்றருக்குச் சற்றுக் குறைவு. ஆதலால் அது விரைவிற் கெடும். பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துள்ளது. தார்போலத் தடித்திருந்தால் கிளச் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிரிய மறுக்கும். காருக்கென விற்கப்படும் சில ஒயில்களில் உராய்வைக் குறைக்கும் சரக்குகள் சேர்க்கப்பட்டுள்ளன. அவை காருக்கு நன்று. ஒயிலில் நனைந்து வேலைசெய்யும் கிளச்சுக்கோ தீது, தகடுகள் வழுக்கும். யப்பானியர் 1998ஆம் ஆண்டில் மோட்டார் சைக்கிள் ஒயிலுக்கெனத் தனித் தரம் வகுத்தனர். போத்தலின் மேல் 'ஜாசோ எம்.ஏ.' என்ற குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்குக.

மூன்றாவது சோதனையே தலையாயது. எஞ்சினை நிறுத்தி, வண்டியை நடு ஸ்ராண்டில் ஏற்றுக. பின்சக்கரத்தை ஒரு கையால் மெல்ல முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டே மற்றக் கையால் மிதியை அழுத்தி 1, 2, 3 என்று கியர்களைப் போட்டுப் பார்க்க. பின்னர் அவ்வாறே இறக்கிப் பார்க்க. சக்கரத்தை அசைப்பது ஏனெனில், நின்றுகிடக்கும் பெட்டியிற் கொளுவிப் பற்கள் முகத்தோடு முகம் முட்டி நிற்கக்கூடும், அசைத்தால் வழிவிடும். இவ்வாறு எல்லாக் கியர்களும் இலகுவாக விழுந்து, எஞ்சின் ஓடும்போது மட்டும் கடினமாயின், நோய் கியர்ப் பெட்டியில் அன்று, கிளச்சில். எஞ்சின் நின்றபோதும் விழாவிட்டால், நோய் மிதியிலோ பெட்டிக்குள்ளோ உள்ளது. ஐந்து நிமிடமும் இரு கைகளும் இதற்குப் போதும்.

நான்காவது, எஞ்சின் நன்கு சூடேறியபின் ஓய்வு வேகத்தைப் பார்க்க. நடு ஸ்ராண்டில் நின்றபடி முதலாம் கியரைப் போட்டால், பின்சக்கரம் சற்றுச் சுழலலாம்; பிரேக்கை மெல்லத் தொட்டதும் அது நிற்க வேண்டும். மல்லுக்கட்டிச் சுழலுமாயின் ஓய்வு வேகம் மிகுதி, அல்லது கிளச் விலகவில்லை. என் வண்டியின் நோய் இவ்விடத்திலே பிடிபட்டிருக்கும்.

ஐந்தாவது, கிளச்சைச் செப்பனிடும் திருகு. எஞ்சினின் வலப்புற மூடியில் ஒரு திருகும் அதனைப் பூட்டி வைக்கும் ஒரு நட்டும் உள்ளன. எஞ்சினை நிறுத்திவிட்டு நட்டைத் தளர்த்துக. திருகை வலஞ்சுழியாக ஒரு சுற்றுத் திருப்புக, அதற்குமேல் வேண்டாம். பின்னர் இடஞ்சுழியாக, மிக மெதுவாக, விரலுக்குச் சற்றுத் தடை தட்டுப்படும்வரை திருப்புக. அத்தடையிலிருந்து மீண்டும் வலஞ்சுழியாக அரைக்காற் சுற்றுத் திருப்பி, திருகு அசையாதவாறு பிடித்துக்கொண்டு நட்டை இறுக்குக. இடைவெளி மிகுந்தால் கிளச் முழுதும் விலகாது, கியர் கடிக்கும். இடைவெளி அற்றுப்போனாற் கிளச் வழுக்கும். வண்டி இரையும், ஓடாது.

ஆறாவது, செயின். மூடிய பெட்டிக்குள் இருப்பதால் அதனை மறந்துவிடுகிறோம். மூடியிலுள்ள இறப்பர் அடைப்பை அகற்றி விரலால் அசைத்துப் பார்க்க. 1 முதல் 2 சென்ரிமீற்றர் அசைவு போதும். அதற்கு மேல் தொய்ந்தால், ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் வண்டி வெட்டி இழுக்கும். ஓட்டுபவர் கியரை நோவார்.

இன்னொன்று. யப்பானில் ஓடியபின் இங்கு வந்த வண்டிகள் சிலவற்றில், மூன்றாம் கியருக்குப் பின் மீண்டும் அழுத்தினால் நியூற்றல் வரும். அது நோயன்று, அவ்வண்டியின் பிறவி அமைப்பு. ஆயினும் ஓட்டத்தில் அதை மறந்து அழுத்துவது ஆபத்தாகலாம். புதிதாக வாங்குபவர் முதலில் இதனை நின்ற இடத்தில் அறிந்துகொள்க.

இவ்வளவையும் செய்தபின்னும் எஞ்சும் ஒரு நோய் உண்டு. அது கியர் தானாகக் கழல்வது. முன்னே சொன்ன விரல்களை நினைத்துக்கொள்ளுங்கள். விரல்கள் நன்கு வளைந்திருக்கும்வரை இழுக்க இழுக்க இறுகும். கொளுவிப் பற்களின் விளிம்பு தேய்ந்து உருண்டுவிட்டால், இழுவையே அவற்றைப் புறந்தள்ளும். கவை வளைந்தாலும், உருளையை உரிய இடத்தில் நிறுத்தும் சிறு நிறுத்தியின் சுருள் தளர்ந்தாலும் இதுவே நிகழும். வெளித்திருகு எதுவும் இதற்கு மருந்தாகாது.

மருதமுனை அன்பரின் கடிதத்தில் இரண்டு நோய்கள் கலந்து கிடந்தன என்பது இப்போது வாசகர்களுக்கு விளங்கியிருக்கும். முதலாம் கியரில் துள்ளுவது ஒன்று. இரண்டாம் கியர் கழல்வது வேறொன்று. எழுத்தில் முடிவு சொல்ல எனக்கு மனம் துணியவில்லை. ஒரு சனிக்கிழமை காலை, பெரியவரை என் வண்டியின் பின்னிருக்கையில் ஏற்றிக்கொண்டு, கல்முனை, பாண்டிருப்பு வழியாக மருதமுனைக்குப் போனேன்.

தறிச் சத்தம் கேட்கும் முற்றத்தில் வண்டி நின்றது. வர்ணம் மங்கியிருந்தாலும் துடைத்து வைக்கப்பட்டிருந்தது. அலை வந்து சில நாட்களின்பின் அதை மணலிலிருந்து இழுத்தெடுத்து, நன்னீராற் கழுவி, ஒயிலை மூன்று முறை மாற்றி ஓடவைத்ததாக அன்பர் கூறினார். பெரியவர் தலையசைத்தார். கடல் நீர் புகுந்த எஞ்சினில் உருள்தாங்கிகளின் குண்டுகள் மேல் சிறு குழிகள் விழும். அவை ஆண்டுகள் சென்றபின்னரே குரல் கொடுக்கும் என்று என்னிடம் மெல்லச் சொன்னார்.

சோதனைகளை வரிசையாகச் செய்தோம். மிதி நன்று. ஒயில் நன்று. எஞ்சின் நின்றபோது மூன்று கியர்களும் விழுந்தன. செப்பனிடும் திருகில் இடைவெளி மிகுந்திருந்தது. அதைச் சரிசெய்ததும் முதலாம் கியரின் துள்ளல் நின்றுவிட்டது. கால் மணிநேரம், ஒரு சதமும் செலவில்லை. அன்பரின் முகம் மலர்ந்தது. உள்ளேயிருந்து அவருடைய மனைவியார் தேநீர் அனுப்பினார்.

அதன்பின் பெரியவர் வண்டியை எடுத்துக்கொண்டு வீதிக்குப் போனார். திரும்பி வந்தவர், எஞ்சினை நிறுத்திவிட்டுச் சிறிது நேரம் பேசவில்லை. "தம்பி, இரண்டாம் கியர் உள்ளுக்குத் தேஞ்சிதான் இருக்கு. பொய் சொல்லேலாது. இத ஒருநாளைக்குக் கழட்டத்தான் வேணும்" என்றார்.

அன்பர் என்னை நோக்கினார். "பெருநாள் வரைக்கும் ஓடலாமா, சேர்?"

எனக்கு 'ஓடலாம்' என்று சொல்ல ஆசை. பெருநாளுக்கு முந்திய வாரங்களில் விற்கும் சாரம் அவருக்கு எத்தகைய பலம் என்பதை அவ்வீட்டைப் பார்த்த எவரும் உணர்வர். பெரியவர் எனக்காக விடை கூறினார்: "சும்மா போனா வேற கத. பொதியோட முந்திப் போற நேரம் கியர் கழண்டா வண்டி இழுக்காது. பின்னால பஸ் வரும். ஓடலாம் எண்டு நான் சொல்லமாட்டன், தம்பி."

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குச் செல்லும் வீதி எத்தகையது என்பதை இக்கரையார் அறிவர். சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை என்று ஊரோடு ஊர் தொட்டுக் கிடக்க, சந்திக்குச் சந்தி கியர் இறக்கி ஏற்ற வேண்டும். அன்பர் சிறிது நேரம் வண்டியின் இருக்கையில் கை வைத்தபடி நின்றார். பின்பு, "விற்கமாட்டேன், சேர். பெருநாளைக்குப் பிறகு கழற்றுவோம்" என்றார். அவ்வாறே முடிவாயிற்று. அயலவர் ஒருவரின் முச்சக்கர வண்டியில், இரு வீட்டாரின் சாரங்களையும் சேர்த்து ஏற்றி, கூலியைப் பங்கிட்டுக்கொண்டனர். இலாபம் குறைந்தது, ஆயின் வியாபாரம் நிற்கவில்லை.

பெருநாள் கழிந்து பெட்டியைப் பிரித்தபோது, பெரியவர் சொன்னபடியே இருந்தது. இரண்டாம் கியரின் கொளுவிப் பற்கள் உருண்டிருந்தன. கவையின் ஒரு நுனி தேய்ந்திருந்தது. உருள்தாங்கி ஒன்றிற் கடல் விட்டுச்சென்ற குழிகள் காணப்பட்டன. எது வேண்டும் என்பது முன்பே தெரிந்தமையால், பிரிக்குமுன் உதிரிப்பாகங்களைத் தேடிச் சேர்த்து வைத்திருந்தார்கள். 'எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்' என்ற பேச்சுக்கு இடமிருக்கவில்லை. முதலிற் கேட்கப்பட்ட தொகையிற் பாதிக்குச் சற்றுக் கூடுதலாகவே செலவாயிற்று. நோயை அறிந்து பிரிப்பதற்கும் நோயை அறியப் பிரிப்பதற்கும் உள்ள வேறுபாடு அது.

பி.எஸ்.ஏ. பன்டம் முதலிய பழைய ஆங்கிலேய வண்டிகளை வைத்திருப்போருக்கும் ஒரு சொல். 1948ஆம் ஆண்டு தொடங்கி 1971ஆம் ஆண்டு வரை செய்யப்பட்ட பன்டத்தில் கியர் மிதி வலக்காலுக்கு இருக்கும். இடக்கையில் கிளச் பிடி உண்டு. அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டு செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்த விதியின் பின்னரே இடக்கால் மிதி உலக வழக்காய் நிலைத்தது. இடக்கால் பழகியவர் பன்டத்தில் ஏறினால், பிரேக் என்று எண்ணிக் கியரை மிதிப்பது இயல்பு. அதனை வண்டியின் கோளாறாகக் கொள்ளற்க. அவ்வண்டியிற் சோதனை கிளச் கேபிளிலிருந்து தொடங்கும். பிடியில் 2 அல்லது 3 மில்லிமீற்றர் தளர்வு இருத்தல் வேண்டும். கேபிளின் இழைகள் அறுந்து தொங்கினால் உடனே மாற்றுக. நெடுநாள் நின்ற வண்டியிற் கிளச் தகடுகள் ஒட்டிக்கொள்ளும். காலையில் எஞ்சினைத் தொடக்குமுன், பிடியை அழுத்திக்கொண்டு உதைமிதியை இரு முறை மிதித்தால் அவை பிரியும். பின்பு கியர் ஓசையின்றி விழும். அதன்பிறகு மூன்றாவது சோதனை அவ்வண்டிக்கும் பொருந்தும்.

பழுதான பொருளைக் கண்டதும் நம்மிடத்தில் இரண்டு அவசரங்கள் எழுகின்றன. ஒன்று, உடனே பிரித்துப் பார்ப்பது. மற்றொன்று, உடனே விற்றுத் தள்ளுவது. இவ்விரண்டுக்கும் நடுவே, சக்கரத்தை ஒரு கையால் அசைத்து மிதியை ஒரு கையால் அழுத்திப் பார்க்கும் ஐந்து நிமிடம் இருக்கிறது. அந்த ஐந்து நிமிடத்தைச் செலவிட்டமையால் என் தந்தையாரின் வண்டி இன்றும் என்னைப் பாடசாலைக்குக் கொண்டுசெல்கிறது. அதே ஐந்து நிமிடம் மருதமுனை அன்பருக்கு இனிய விடையை முழுதாகக் கொடுக்கவில்லை. உண்மையான விடையைக் கொடுத்தது. அவர் சென்ற வாரம் அனுப்பிய செய்தி இது: "இரண்டாம் கியர் இப்போது பொதியோடும் நிற்கிறது, சேர். தேய்ந்த கவையை எறிய மனம் வரவில்லை. தறிக்கு மேலே வைத்திருக்கிறேன்."

அடுத்த கிழமை, மாரி மழை தொடங்குமுன் வீட்டுக் கூரை ஓடுகளை எவ்வாறு பார்வையிடுவது என்பது பற்றி எழுதுவேன். ஏணி உள்ளவர்கள் அதைச் செப்பனிட்டு வைக்க.